அவள் போனால் படம் நின்றுவிடும்

மார்ச் 3

தம்பி,

பார்சல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு ரிமோட், இரண்டு வயர், 'அப்பாவுக்குப் பொழுது போகும்' என்று உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இன்னொரு தடவை உதறினேன். அடியில் எங்காவது உன் ரயில் டிக்கெட் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒரு நப்பாசை. தெர்மாகோல் தூள்தான் கொட்டியது. அதையும் நான்தான் பெருக்கினேன்.

நான் உன்னிடம் டிவி பெட்டியாடா கேட்டேன்? ஏப்ரல் தொடங்கியதும் ஆறு வாரம் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள் என்றுதானே கேட்டேன்? எங்கள் பல் லேப் இன்னொரு ஊரில் கிளை திறக்கிறது. அதை நடத்த என்னைப் போடலாம் என்று முதலாளியம்மா நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் அங்கே போய் ஆறு வாரம் புது மிஷின்களில் பழக வேண்டும். வருகிறேனா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் மெழுகையும் பிளாஸ்டரையும் கட்டிக்கொண்டு மாரடித்து, ஊருக்கெல்லாம் பல்செட் செய்து கொடுத்துவிட்டு, நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரும் என்னைப் பார்த்து "நீங்க வந்து நடத்துங்க" என்று சொன்னதில்லை. இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைப்பதே பெரிய காரியம். பாத்ரூமுக்குக் கூட ஆள் போக வேண்டும். லேப் இரண்டு தெரு தள்ளி இருப்பதால் நடுநடுவே ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். மற்ற நேரம் மாடிவீட்டம்மா எட்டிப் பார்க்கிறார்கள். ஆறு வாரத்தை அவர்கள் தலையில் கட்ட முடியுமா? நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற பஸ் டிரைவர்களைத் திட்டுவதுதான் அப்பாவின் வேலை. வாழ்க்கை முழுக்க நெடுந்தூர பஸ் ஓட்டியவர். இவரைத் தவிர உலகத்தில் ஒருத்தனுக்கும் கியர் போடத் தெரியாது.

போனை ஏன் எடுக்கவில்லை என்று மாடிவீட்டம்மாவிடம் விசாரித்தாயாமே. எடுக்க மாட்டேன். எப்போது வருகிறாய் என்று நான் வாயைத் திறந்த உடனே உன் போனில் சத்தம் விட்டு விட்டு வரும். "அக்கா... அலோ... கேக்கலக்கா..." என்பாய். வைத்துவிடுவாய். எத்தனை தடவை! கடிதத்தில் அந்த வேலை நடக்காது. எதுவானாலும் எழுது.

இன்னொன்று. இந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் வேண்டுமாம். நம் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. இது உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 7

அக்கா,

ஒரு பொருளை ஆசையாக வாங்கி அனுப்பினால் இப்படியா திட்டுவது? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

என் நிலைமையை உனக்கு எத்தனை தடவை சொல்வது? வெயில் காலம் வருகிறது. ஏசி வேலை செய்கிறவனுக்கு இதுதான் சீசன். இருபது மாடிக் கட்டடம், எல்லா மாடியிலும் ஏசி, எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. ஒரு நாள் ஏசி நின்றால் ஒன்பதாவது மாடி ஆபீஸ்காரர்கள் என்னை உயிரோடு உரித்துவிடுவார்கள். ஏப்ரலில் ஆறு வாரம் லீவு வேண்டும் என்று கேட்டால் மேனேஜர் சிரிப்பான். உன் பயிற்சியைத் தள்ளிப்போடச் சொல்லிப் பாரேன். மழைக்காலத்தில் என்றால் நான் யோசிக்கலாம்.

இன்டர்நெட் இல்லாவிட்டால் என்ன, உன் போன் இருக்கிறதே. பொறுமையாகப் படி. டிவிக்குப் பின்னால் பட்டையாக ஒரு துளை இருக்கும். அதில் வயரைச் செருகு. வயரின் இன்னொரு முனை பெட்டிக்கு. இரண்டாவது வயர் கரண்டுக்கு. ரிமோட்டில் பேட்டரி போடு, கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று பார்த்துப் போடு. அப்புறம் உன் போனில் செட்டிங்ஸுக்குள் ஹாட்ஸ்பாட் என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்து ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடு. உன் போன் இன்டர்நெட்டைக் காற்றில் விடும், பெட்டி பிடித்துக்கொள்ளும். டிவியில் ஒரு பட்டியல் வரும், அதில் உன் போனின் பெயரைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டை அடி. அவ்வளவுதான். இதற்கு வயரே கிடையாது. பச்சைக் குழந்தைகூடச் செய்துவிடும்.

அப்பா நிம்மதியாக உட்கார்ந்தால் உனக்குப் பாதி வேலை மிச்சம். அதை யோசித்துத்தான் அனுப்பினேன். நன்றி சொல்ல வேண்டாம், திட்டாமலாவது இரு.

தம்பி


மார்ச் 12

தம்பி,

பச்சைக் குழந்தை செய்யுமா? அந்தக் குழந்தையை அனுப்பி வை, அது கையில் அப்பாவையும் கொடுத்துவிட்டு நான் கிளம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். டிவியை நகர்த்தினால் பின்னால் ஒரு வருஷத்துத் தூசி. வயரைச் செருகினேன், பேட்டரி போட்டேன். டிவியில் பட்டியல் வந்தது. முதலில் இருந்தது மாடிவீட்டம்மாவின் இன்டர்நெட். போய்க் கேட்டேன். பாஸ்வேர்டு தன் மகனுக்குத்தான் தெரியும், அவன் தனக்கே சொல்வதில்லை என்றார்கள். நல்ல பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

சரி, என் போன்தான் கதி. பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்தாவது வேண்டுமாம். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. 'தம்பிவரமாட்டான்' என்று ஆங்கில எழுத்தில் வைத்தேன். டிவியில் அதை அடிக்க வேண்டுமே, ரிமோட்டின் அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாக. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடவே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். முடிவில், "வரமாட்டானா? யார் சொன்னது?" என்றார். "நீங்க பாட்டுக்கு உட்காருங்கப்பா" என்றேன்.

இணைந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பாட்டு வேண்டாம், படம் வேண்டாம், செய்தி வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளினார். எதையோ தட்டப்போய், ஒரு வண்டியின் முன் கண்ணாடியிலிருந்து எடுத்த படம் வந்தது. எவனோ காமிராவை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டே போகிறான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, ரோடு மட்டும்தான், மணிக்கணக்காக. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வளைவு வரும்போது தோள் சாய்கிறது. வலது கால் பிரேக்கை மிதிக்கிறது, உடைந்த பக்கம்! டாக்டர் சொல்லியும் மடக்காத முழங்காலைத் தானாக மடக்குகிறார். "ஹாரன் அடிடா மடையா" என்று அவனைத் திட்டுகிறார். அம்மா போனதற்குப் பிறகு அப்பா முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

இப்போது மீதியைக் கேள். திங்கட்கிழமை லேப்புக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டித் தெருமுனைகூடப் போகவில்லை, உள்ளேயிருந்து ஒரு அலறல். விழுந்துவிட்டார் என்று நினைத்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தேன். நான் உள்ளே வரவும் டிவியில் ரோடு மறுபடி ஓட ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. புரிகிறதா உனக்கு? இன்டர்நெட் என் போனில் இருக்கிறது. போன் என் பையில் இருக்கிறது. பை என் தோளில் இருக்கிறது. நான் போனால் அதுவும் போகிறது!

அன்றைக்கு மூன்று தடவை கிளம்பினேன், மூன்று தடவையும் அலறல். "நீ போனா வண்டி நின்னுடுது, நீ இரு" என்கிறார். காய் வாங்கப் போனாலும் நின்றுவிடுகிறது, மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் நின்றுவிடுகிறது. முன்பாவது என்னை ஒரு ஆளாகத்தான் தேடினார். இப்போது கரண்ட் மாதிரித் தேடுகிறார். வயரே கிடையாது என்று எழுதினாயே, அந்த வயரை என் காலில்தான்டா கட்டியிருக்கிறாய்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. சார்ஜரில் போட்டு டிவி பக்கத்தில் வை. லேப் இரண்டு தெரு தள்ளித்தானே, அங்கே உன்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? அப்பாவின் போன் பட்டன் போன், அதில் இந்த வசதி வராது. அவசரம் என்றால் அதிலிருந்து லேப் நம்பருக்கு அடிக்கட்டும்.

அப்பா காலை மடக்குகிறார் என்று எழுதியிருந்ததை என் பெண்டாட்டிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பார்த்தாயா, பெட்டி வேலை செய்கிறது.

பாஸ்வேர்டை மாற்று. அது நன்றாக இல்லை.

தம்பி


மார்ச் 20

தம்பி,

அங்கே உன்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்டாயே. சொல்கிறேன்.

நீ சொன்னபடி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். இரண்டு நாள் சொர்க்கம். நான் நிம்மதியாக வேலை பார்த்தேன், அப்பா நிம்மதியாக மலை ஏறி இறங்கினார். நேற்று மத்தியானம் என் மேஜையில் ஒரு கீழ்த்தாடை அச்சு, கடைவாய்ப் பல்லை மெழுகில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் லேப்பில் சுருட்டை என்று ஒரு ஆள். எனக்குப் பின்னால் சேர்ந்து, என்னிடமே வேலை கற்றுக்கொண்டவன். நேராக என்னிடம் வந்தான், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நன்றிக்கா. நீங்க விட்டுக்கொடுக்கலன்னா எனக்கு இது கிடைச்சிருக்காது. வீட்ல எல்லாரும் அழுதுட்டாங்க" என்றான்.

எதை விட்டுக்கொடுத்தேன் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனையே கேட்டேன், முதலாளியம்மா அவனிடம் சொன்னதை அப்படியே சொன்னான்.

முதலாளியம்மா புதுக் கிளைக்குக் கட்டடம் பார்க்கப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து முந்தாநாள் என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வேண்டும், கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று. போன் டிவி பக்கத்தில் இருக்கிறது. மணி அடித்ததும் எடுத்தவர் யார்? ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர். "அவ எங்கயும் வரலைங்க. அவளே உங்ககிட்ட சொல்லச் சொன்னா, நேர்ல சொல்ல சங்கடமா இருக்காம்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. சாயங்காலம் நான் டீ போட்டுக் கொடுத்தபோது, சர்க்கரை கம்மி என்று மட்டும்தான் சொன்னார்.

பாதி வேலையில் எழுந்து வீட்டுக்கு வந்தேன். "என்னப்பா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ளதைச் சொன்னேன்" என்றார். "என் வாயில இருந்து எப்ப வந்தது அது?" என்றேன். "மறைக்காத, லாரி வருது" என்றார். லாரி வருகிறதாம்! நான் குறுக்கே நின்றால் அவருக்கு ரோடு தெரியவில்லையாம். அந்த ரிமோட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். மூடி உடைந்து பேட்டரி கட்டிலுக்கடியில் உருண்டது. அப்புறம் நானே குனிந்து எடுத்துப் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்தேன், ஏனென்றால் வேறு யாரும் இல்லை.

பெட்டி அனுப்பியவன் நீ. போனை வைத்துவிட்டுப் போ என்றவன் நீ. அதனால் உனக்கு எழுதுகிறேன். என்ன செய்யப்போகிறாய்?

அக்கா


மார்ச் 23

அக்கா,

அப்பா செய்தது தப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன் அடித்தால் அப்பா எடுப்பார் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தது யார்?

நான் சும்மா இருக்கவில்லை. இங்கிருந்தே போன் செய்து நம் வீட்டுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் சொல்லியிருக்கிறேன். ஆட்கள் வந்து சுவரில் ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போவார்கள். அதோடு அந்தத் தொல்லை முடிந்தது, உன் போன் உன் பையில் இருக்கும்.

மனசில் பட்டதை ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நடந்தது ஒருவேளை நல்லதுக்கோ என்னவோ. இந்த வயதில் தெரியாத ஊரில் தனியாகப் போய் நீ எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? அங்கே வேலை இருக்கிறது, சொந்த வீடு மாதிரி ஒரு வீடு இருக்கிறது. உனக்குக் குடும்பம் என்று தனியாகவும் இல்லை. அப்பாவுக்கு உன் கை பழகிவிட்டது. நான் வந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது? உன்னைத்தான் மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்டால், "நீ கண்டக்டர் சீட்டுல போய் உட்காருடா" என்பார். அந்த வீட்டில் நான் எப்போதும் பயணிதான். என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அது உனக்கே தெரியும்.

தம்பி


மார்ச் 26

டேய்,

இந்த வயதில் என்றால் எந்த வயதில்? எனக்கு நாற்பத்தி நாலு. சாகிற வயதா? குடும்பம் இல்லாதவளுக்கு ஆசையும் இருக்கக்கூடாது, அப்படித்தானே? நீ கல்யாணம் பண்ணிக்கொண்டாய், அதனால் உன் சீசன் சீசன், உன் மேனேஜர் மேனேஜர். நான் பண்ணிக்கொள்ளவில்லை, அதனால் என் முதலாளி வெறும் போன் மணி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பதில் சொல்லலாம். நன்றாக இருக்கிறதுடா உங்கள் நியாயம். அப்பா ஒரே வாக்கியத்தில் சொன்னதை நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உன்னைக் கண்டக்டர் சீட்டில் உட்காரச் சொன்னாராம். பாவம். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார், இறங்கவே விடவில்லை. மாற்றிக்கொள்ளலாமா?

முதலாளியம்மாவிடம் நானே போனில் பேசினேன். என் அப்பா சொன்னது என் வார்த்தை இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. இந்த வயதில், ஆமாம், இந்த வயதில், அப்பா என் பெயரில் பொய் சொன்னார் என்று ஒரு பெண்பிள்ளை சொல்ல வேண்டியிருக்கிறது! அவர்கள் முழுவதையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே பதில் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்" என்றார்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை, அப்போதே சரி என்று சொல்லிவிட்டேன். சுருட்டையிடமும் நானே சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனும் பயிற்சிக்கு வருகிறான், ஆனால் என் கீழே. அவன் என்னை மன்னிப்பானா என்று தெரியவில்லை.

நீ சொல்லி அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். சுவரில் துளை போட்டு, வெள்ளைப் பெட்டியை மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டார்கள். பழையதையே வைத்தேன். இப்போது நான் தெருவுக்குப் போனாலும் ரோடு ஓடுகிறது, லேப்புக்குப் போனாலும் ஓடுகிறது. நல்ல காரியம் செய்தாய். நான் போனால் படம் நிற்காது. அதனால் போகிறேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை ரயில். சாவி மாடிவீட்டம்மாவிடம் இருக்கும். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும்தான் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அப்பாவைப் பாத்ரூமுக்கு நீ கூட்டிப்போகிறாயா, இல்லை நீ அனுப்பிய பெட்டி கூட்டிப்போகிறதா என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

இது மிரட்டல். நடக்க முடியாத மனுஷனைப் பணயமாக வைத்து மிரட்டுகிறாய். உனக்கு இவ்வளவு கல்நெஞ்சு என்று எனக்குத் தெரியாது. என்னால் வர முடியாது. லீவு கிடையாது. நீயும் போக மாட்டாய், எனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 11

அக்கா,

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நீ நிஜமாகவே போய்விட்டாய். இரண்டாம் தேதி மத்தியானம் வேறு வழியில்லாமல் வந்து நின்றேன். மாடிவீட்டம்மா சாவியை என் கையில் கொடுத்த விதம் இருக்கிறதே, திருடனிடம் கொடுப்பது மாதிரி. உள்ளே போனேன். அப்பா ஆற்றுப்பாலம் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "அவ எங்க?" என்றார். 'வாடா' என்றுகூடச் சொல்லவில்லை. என் போனை வீட்டு இன்டர்நெட்டில் இணைக்க வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு என்னப்பா என்று கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னார், முகத்தில் ஒரு சிரிப்போடு. நான் அடித்தேன். உனக்குத் திருப்திதானே?

நீ எனக்கு எதையுமே எழுதவில்லை அக்கா. பாத்ரூம் என்று ஒரு வார்த்தையில் எழுதினாய். அவரைத் தூக்கும்போது அவர் உடம்பு முழுக்க என் தோளில் சாய்கிறது என்று எழுதவில்லை. ஈரத்தரையில் அவர் கால் வழுக்கினால் என் உயிர் போகிறது என்று எழுதவில்லை. கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று எழுதவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார், போனால் ஒன்றும் இல்லை. "சும்மாதான். இருக்கியான்னு பார்த்தேன்" என்கிறார்.

போன திங்கட்கிழமை அவரிடம் கேட்டேவிட்டேன். "அந்தம்மா போன் பண்ணப்ப ஏம்ப்பா பொய் சொன்னீங்க?" என்றேன். "அவ போனா நின்னுடும்ல" என்றார். "அதான் இப்ப வீட்டுக்கே நெட்டு வந்துடுச்சே, அப்ப கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் டிவியைச் சொல்லலடா" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கத்திவிட்டேன். "உங்களுக்கு நிக்கக்கூடாதுன்னா அவ நிக்கணுமா? அவ வாழ்க்கை என்ன உங்க ஸ்பேர் டயரா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். மாடிவீட்டம்மா இறங்கி வந்துவிட்டார்கள்.  அன்றைக்குச் சாயங்காலம் அப்பா தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன், குடித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆறு வாரம் கேட்டேன், மேனேஜர் மூன்று வாரம்தான் கொடுத்தான். உன்னிடம் சொன்னால் குதிப்பாய் என்று சொல்லவில்லை. 23-ஆம் தேதி நான் கிளம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். பயிற்சியில் பாதி முடித்தால் போதாதா? மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் முதலாளியம்மாவிடம் சொல்லிப் பார். 22-ஆம் தேதிக்குள் நீ வந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

கெஞ்சாதே. எனக்குப் பழக்கமில்லை, இரக்கம் வந்துவிடும். அது வந்துவிட்டால் நான் மறுபடி பை தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மூன்று வாரம்தான் என்று தெரிந்தேதான் வந்தாய். இடையில் நான் எப்படியும் வந்துவிடுவேன் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நினைத்தால் இங்கே என் மேஜையில் இருக்கிற அச்சையெல்லாம் எடுத்து உன் தலையில் போட வேண்டும் போலிருக்கிறது. அப்பாவிடம் எனக்காகக் கத்தினாய் என்று எழுதியிருந்ததைப் படித்து அழுதேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் 22-ஆம் தேதிக்குள் வந்துவிடு என்கிறாய். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுத உன்னால்தான் முடியும்.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒரு சின்ன அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். புது மிஷினில் முதல் மூன்று நாள் எனக்கு ஒரு பல்கூட ஒழுங்காக வரவில்லை. சுருட்டை சிரித்தான். நாலாவது நாள் அவனுடையது விரிசல் விட்டது, என்னுடையது தாங்கி நின்றது. இப்போது அவன் என்னுடன் பேசுகிறான். நேற்று முதலாளியம்மா வந்து, கிளையை ஜூனில் திறக்கிறோம், நிரந்தரமாக நீங்கள்தான் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறு வாரம் முடிந்தாலும் நான் அந்த வீட்டில் இருக்கத் திரும்பி வரமாட்டேன். வந்தால் பார்த்துவிட்டுப் போகத்தான் வருவேன்.

இதை முதலில் உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடம்தான் சொன்னேன். நேற்று மத்தியானம் நீ மருந்து வாங்கப் போயிருந்தாயாம், அப்போது அவருடைய பட்டன் போனுக்கு அடித்தேன். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது, ஏதோ ஒரு ரோடு ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, நான் இங்கயே இருக்கப் போறேன்" என்றேன். நீ கத்தின மாதிரிக் கத்த வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை. பொய் சொல்லி என் வேலையைப் பறிக்கப் பார்த்த மனுஷனிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

 அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். அப்புறம், "அப்ப நான் எங்கம்மா இருக்கறது?" என்றார். என் வாழ்நாளில் அப்பா என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் சொல்லித்தான் இருக்கிறார். "தம்பியோட போய் இருங்கப்பா" என்றேன்.

"அவன் கூப்பிட்டானா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. உன் பெயரில் நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அது ஒரு தடவை நடந்தது போதும். உன் லீவு, உன் மேனேஜர், உன் பெண்டாட்டி என்ன சொல்வாள், உன் வீட்டில் எந்த அறை என்றெல்லாம் எனக்கு எழுதாதே. அதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. இதை நீ படித்துக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருப்பார். எழுந்து போய்க் கூப்பிடு.

அக்கா